திருச்சி நிலையத்து எடைக்கல்

பன்னிரண்டு வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்த வேலை இதுதான்: தினமும் காலை ஒன்பதரை மணிக்கு வந்து, நான் நானாக இருப்பது. பணி ஆணையில் 'ஒப்பீட்டு நபர், இரண்டாம் நிலை' என்று போட்டிருக்கும். நிலையத்தில் எல்லோருக்கும் நான் 'நூறு சார்'. அப்பா அம்மா வைத்த பெயர் தாயுமானவன். பிரசவம் பார்க்கத் தாயாக வேஷம் போட்டு வந்த சாமியின் பெயர். மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆறு மாவட்டங்களுக்கு நான்தான் ஆண்மைக்கு அளவுகோல். இதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிறப்பிலேயே வந்த விருப்பத்துக்காக யாரையும் ஒதுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்று தெருவில் வெடி வெடித்தார்கள். அடுத்த மாதமே ஒரு பெரிய அதிகாரி, "சரி, பிறப்பிலேயே வந்தது என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் மூலமானியைச் செய்தார்கள். பார்ப்பதற்கு பியூட்டி பார்லரில் தலை காய வைக்கும் கூடை மாதிரி இருக்கும். உள்ளே தலையைக் கொடுத்தால், ஒருவருடைய விருப்பம் மூளையில் எப்போது வேர் பிடித்தது, தாய் வயிற்றிலா அதற்குப் பிறகா என்று பார்த்துச் சதவீதத்தில் சொல்லும். அறுபதுக்கு மேலே என்றால் 'பிறவி'. யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், அடையாள அட்டையில் ஆண், பெண் என்ற இடத்தை விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். அறுபதுக்குக் கீழே என்றால் 'வளர்ப்பு'. மறுகற்றல் மையத்தில் ஆறு மாத வகுப்பு.

மிஷினுக்கு ஒரு நூறு வேண்டுமல்லவா? அதுதான் நான். கல்யாணமானவன், இரண்டு பிள்ளை பெற்றவன், மீசை வைத்தவன். பெண்களை எனக்குப் பிடிப்பது பிறவியில் வந்ததா என்று யாரும் சந்தேகப்படவில்லை. காலையில் நான்கு நிமிஷம் கூடைக்குள் உட்காருவேன். திரையில் நூறு என்று விழும். அதன் பிறகு வருகிறவர்களை என்னோடு ஒப்பிட்டு மிஷின் அளக்கும். பொத்தானை அழுத்துவதும் நானே.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு பெண்கள் வந்தார்கள். முப்பதைத் தாண்டிய வயது. ஒருத்தி பதினேழாம் நம்பர் பேருந்தின் ஓட்டுநர், ரீத்தா. இன்னொருத்தி நறுமுகை, எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளர். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவது அவள் வேலை. மார்க்கெட்டுக்குள் அவள் நுழைந்தால் கேட்காமலேயே தராசுத் தட்டைத் துடைத்து வைப்பார்களாம்.

"கல்யாணத்துக்கு விண்ணப்பம் சார். அடுத்த மாசம் இருபதாம் தேதி," என்றாள் ரீத்தா. "நான் ஏற்கெனவே அளந்தாச்சு. இங்கதான், நிலையம் தொறந்த வருஷம். எண்பத்து மூணு."

சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்தாள். ஓரம் மட்டும் மஞ்சளாகி இருந்தது.

"இந்தத் தாளைப் பார்த்த அப்புறம்தான் சார் எங்கம்மா எங்கிட்ட மறுபடி பேசினாங்க. 'பிறவியிலயே வந்துருச்சு, புள்ள என்ன செய்யும்'னு சொன்னாங்க."

நறுமுகையை உட்கார வைத்தேன். நான்கு நிமிஷம். திரையில் முப்பத்தொன்று விழுந்தது.

ரீத்தா கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தாள்.

"அப்ப... என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டதா?"

நறுமுகை யோசித்துத்தான் பதில் சொன்னாள். அவள் சுபாவமே அப்படி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். "இருக்கலாம். உன் பஸ்ஸுல ஏறுறதுக்கு முன்னாடி இதெல்லாம் எனக்குத் தோணினதே இல்ல. ஒருநாள் இறங்க வேண்டிய ஸ்டாப்புல இறங்கல. அடுத்த நாளும் இறங்கல."

"கத்துக்கிட்டது மறந்துபோகுமே நறு."

நறுமுகை என் பக்கம் திரும்பினாள்.

"சார், முப்பத்தொண்ணுன்னா எதுக்கு முப்பத்தொண்ணு?"

"என்னோட நூறுக்கும்மா."

"உங்க நூறு எதுக்கு நூறு?"

நான் சிரித்தேன். "நான் கல்யாணமானவன்மா. பெரியவன் காலேஜ் படிக்கிறான்."

"சந்தோஷம் சார். நான் கேட்டது, உங்களை எந்தக் கல்லோட வச்சு நிறுத்துப் பார்த்தாங்க?"

பன்னிரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன்: மிஷின் சொல்லுது, நான் என்ன செய்ய. அதற்குச் சில வாரம் முன்னால் மரியதாஸ் என்ற தையல்காரர் மூன்று முறை அளக்க வந்தார். மூன்றாவது முறை, "எந்த எண்ணு வந்தாலும் சரி சார், அந்த வகுப்புக்கு மட்டும் அனுப்பிடாதீங்க," என்றார். அவருக்கும் இதே பதிலைத்தான் சொல்லி வகுப்புக்கு அனுப்பினேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அப்போது இல்லை.

புதன்கிழமை நறுமுகை மறுபடி வந்தாள். இந்தத் தடவை காக்கிச் சட்டை, தோளில் முத்திரைப் பை. எங்கள் இயக்குநர் டாக்டர் பிரகதீசன் அறைக்கு நேராகப் போய் ஒரு தாளை நீட்டினாள். பொதுக் காரியத்துக்குப் பயன்படும் எந்த அளவையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வேறொரு அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தில் இருக்கிறதாம். எங்கள் நிலையம் ஒரு தடவை கூடச் செய்ததில்லை.

"இது மனுஷன்மா. கருப்பட்டி நிறுக்கிற கல்லு இல்ல," என்றார் டாக்டர். "அதோட உனக்கு இது சொந்த விஷயம்."

"சொந்த விஷயம்தான் டாக்டர். தக்காளியும் நான் என் வீட்டுக்குத்தான் வாங்குறேன். அந்தத் தராசுக்கும் முத்திரை நான்தான் பார்க்கிறேன்."

வேறு வழியில்லாமல் மதுரை நிலையத்து நூறைக் கோப்பாக அனுப்பச் சொன்னார்கள். அங்கே நூறாக இருப்பவர் சொக்கநாதன். வருஷாந்திரக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் பங்கு கேசரி சாப்பிடுகிற மனிதர். அவருடைய நூறை மிஷினில் ஏற்றி, என்னை அளந்தார்கள்.

நாற்பத்து நான்கு.

"மதுரைக் கல்லுல ஏதோ கோளாறு," என்றார் டாக்டர் உடனே.

"அப்ப அதைத் திருச்சிக் கல்லோட வச்சுப் பாருங்க," என்றாள் நறுமுகை.

என்னை நூறாக வைத்துச் சொக்கநாதனைக் கணக்கிட்டது மிஷின். முப்பத்தொன்பது. பாவம், அவருக்கு ஃபோன் செய்து சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நறுமுகை குறிப்பேட்டை மூடினாள். "ரெண்டு கல்லு இருந்தா ஒண்ணு குறைச்சலா இருக்கலாம் சார். ஆனா ரெண்டுமே மத்ததை விடக் குறைச்சலா இருக்க முடியாது. அப்படி வந்தா, தராசே பொய். நீங்க உங்களை நூறுன்னு வச்சுக்கிட்டு அவரை அளக்குறீங்க. அவர் தன்னை நூறுன்னு வச்சுக்கிட்டு உங்களை அளக்குறார்."

"அப்ப யாருமே பிறவி இல்லையா?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"அப்படியும் நான் சொல்லலை சார். எனக்குத் தெரியாது. இந்த மிஷினுக்கும் தெரியாதுன்னு மட்டும் தெரியும்."

மனிதக் கல் என்பதால் என் சம்மதம் இல்லாமல் அந்த அளவைப் பதிவு செய்ய முடியாது. மறுநாள் மாலை நான்கு மணிக்குள் நான் பொத்தானை அழுத்தினால் மிஷினுக்குச் சீல். பன்னிரண்டு வருஷத்து எண்கள் அத்தனையும் செல்லாது. அழுத்தாவிட்டால் என் நாற்பத்து நான்கு தானாக அழிந்துபோகும். நறுமுகையின் முப்பத்தொன்று நிற்கும், அவள் வகுப்புக்குப் போவாள், கல்யாணம் இல்லை.

அவள் போனதும் டாக்டர் கதவைச் சாத்தினார். "அவசரப்படாதே தாயுமானவன். விதியைப் படிச்சியா? 'அறுபதுக்குக் கீழே பெறும் எந்த நபரின் திருமணமும்' அப்படின்னு போட்டிருக்கு. எந்த நபரும். எழுதினவனுக்கு நம்மளைப் பத்தி நினைப்பே இல்ல. நீ பதிவு பண்ணினா உன் கல்யாணத்தையும் கம்ப்யூட்டர் நிறுத்தி வச்சுடும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போக ஏறிய பேருந்தில் ஓட்டுநர் இருக்கையில் ரீத்தா இருந்தாள். பேருந்து தானாகத்தான் ஓடும். ஆனாலும் சட்டப்படி முன்னால் ஒரு ஆள் உட்கார வேண்டும். காவிரிப் பாலத்தில் அவள் திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"சார், நறு சொன்னா. என் எண்பத்து மூணும் போயிடுமா?"

"எல்லாமே போயிடும்மா."

"அது போனா எங்கம்மாவுக்கு நான் என்ன காட்டுவேன்? பத்தொன்பது வயசுல ரெண்டு வருஷம் வீட்டுல என்கூட யாரும் பேசல. அந்த எண்ணுதான் என்னைக் காப்பாத்துச்சு. இப்ப அதே எண்ணு நறுவை எங்கிட்டேருந்து பிரிக்குது. பதிவு பண்ணுங்கன்னும் சொல்ல முடியல, வேண்டாம்னும் சொல்ல முடியல சார்."

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்கினேன். என் பயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது? உண்மையைச் சொன்னால், எனக்குச் சட்டமும் சீலும் பெரிதாகத் தெரியவில்லை. என் மனைவி வசுமதியிடம் எனக்குள்ள பிரியம் யாரோ சொல்லிக்கொடுத்துப் படித்த பாடம் என்றால், இருபத்தொரு வருஷமாக அவளோடு வாழ்ந்தது யார்?

வசுமதி பள்ளியில் கணக்கு டீச்சர். நான் போனபோது பால்கனியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"நாற்பத்து நாலா? பரவாயில்லையே," என்றாள்.

"பரவாயில்லையா?"

"எனக்கு எத்தனைன்னு கேக்க மாட்டீங்களா?"

"உனக்கா?"

"இருபத்திரண்டு. நிலையம் தொறந்த முதல் வருஷம் குடும்ப விழா வச்சீங்களே, நீங்க பிரியாணி வரிசையில நின்னப்ப டாக்டர் விளையாட்டா எங்களை உட்கார வச்சார். அங்க வேலை பார்க்கிறவங்க வீட்டுப் பொம்பளைங்க ஆறு பேர். ஒருத்திக்கும் நாற்பதைத் தாண்டல. மனுஷன் முகம் கறுத்துப்போச்சு. 'மிஷின் இன்னும் செட் ஆகலைம்மா, வெளிய சொல்லிடாதீங்க'ன்னார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இப்ப உக்காந்திருக்கிற மாதிரிதான் உக்காந்திருப்பீங்க." ஒரு மொச்சையைத் தூக்கிப் பார்த்துச் சொத்தை என்று வீசினாள். "பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு உங்களை எனக்குப் பிடிக்கல. கல்யாணத்தன்னிக்கும் பிடிக்கல. மூணாவது வருஷம் மஞ்சக்காமாலையில கிடந்தேன்ல, கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடுத்தீங்க. வாயில வைக்க முடியல. துணைக்கு நீங்களும் ஒரு டம்ளர் குடிச்சீங்க, முகத்தைச் சுளிச்சுக்கிட்டு. அன்னிக்குத்தான் பிடிச்சுது. ஆவணி மாசம், ஒரு வியாழக்கிழமை. பிறவியில வந்ததா இருந்தா தேதி ஞாபகம் இருக்குமா?"

"மூணு வருஷமா!" என்றேன். வலித்தது, மறைக்க மாட்டேன்.

"உங்களுக்கு எப்ப வந்துச்சுன்னு யோசிங்க."

யோசித்தேன். பதினான்கு வயதில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நானும் என் சிநேகிதன் நிஜாமுதீனும் நின்றது ஞாபகம் வந்தது. "எதைடா பார்க்கிற?" என்று கேட்டான். "பஸ்ஸை" என்றேன். "லூசு, பஸ்ஸையா பார்ப்பாங்க? அங்க பாரு" என்று தலையைப் பிடித்துப் பெண்கள் நின்ற பக்கம் திருப்பினான். அதன் பிறகு தினமும் சாயங்காலம் போய் ஒழுங்காகப் பார்த்துப் பயிற்சி எடுத்தேன். காலை அகட்டி உட்காரச் சித்தப்பா சொல்லிக்கொடுத்தார். அழக் கூடாது என்று எட்டாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். மீசையை எப்படித் தடவ வேண்டும் என்பது வரை எனக்குப் பாடம் நடந்திருக்கிறது. பெண்கள் பக்கம் கழுத்து தானாகத் திரும்ப எத்தனை மாதம் ஆயிற்று, அதற்கு முன்னாலேயே உள்ளே ஏதாவது இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. பஸ் கதையை வசுமதியிடம் சொன்னேன். உரித்த மொச்சையெல்லாம் மடியிலிருந்து கொட்டும் அளவுக்குச் சிரித்தாள்.

மறுநாள் மூன்றரைக்கு டாக்டர், நறுமுகை, நான் மூவரும் மிஷின் முன்னால் நின்றோம்.

"யோசிச்சுக்கோ தாயுமானவன்," என்றார் டாக்டர்.

"ஆறு பேர் டாக்டர்," என்றேன். "என் வீட்டுக்காரிக்கு இருபத்திரண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

அரை நிமிஷத்தில் என் ஃபோன் அதிர்ந்தது. 'தங்கள் திருமணப் பதிவு நிறுத்திவைக்கப்படுகிறது. ஆறு மாத வகுப்பில் சேர்ந்து பயன்பெறவும்.' நறுமுகை மிஷினில் கம்பி சுற்றி ஈயச் சீல் வைத்தாள். ஒரு சிவப்புச் சீட்டை அதில் கட்டினாள். இன்னொரு சீட்டை எடுத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"சட்டப்படி கல்லுக்கும் கட்டணும் சார்."

மணிக்கட்டை நீட்டினேன். 'சரிபார்க்கப்படாதது. பயன்படுத்தக் கூடாது.'

அந்தச் சீட்டோடேயே மறுகற்றல் மையத்துக்குப் போனேன். மரியதாஸ் கடைசி பெஞ்சில் இருந்தார். "வீட்டுக்குப் போகலாம் சார். உங்க எண்ணு செல்லாது," என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன்.

முப்பது நாளில் அளக்க முடியாத விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும் என்று இன்னொரு விதி இருந்தது. அதன்படி ரீத்தாவுக்கும் நறுமுகைக்கும் குறித்த தேதியிலேயே கல்யாணம். எண்கள் எல்லாம் செல்லாதபோது என்னுடைய நாற்பத்து நான்கும் செல்லாதுதானே? செல்லாது. ஆனால் அனுப்பிய நோட்டீஸைத் திரும்பப் பெற விதி இல்லையாம். புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள் என்றார்கள். அதனால் அதே இருபதாம் தேதி, அதே பதிவு அலுவலகத்தில், நானும் வசுமதியும் பட்டுச் சேலை, வேட்டியோடு வரிசையில் நின்றோம். நாங்கள் அவர்களுக்குச் சாட்சி, அவர்கள் எங்களுக்குச் சாட்சி.

ரீத்தாவின் அம்மா வந்திருந்தார், மல்லிகைப் பந்தோடு. "எண்ணு போயிடுச்சும்மான்னு பயந்துக்கிட்டே சொன்னேன் சார்," என்றாள் ரீத்தா என் காதில். "'எந்த எண்ணுடி?'ன்னு கேக்கிறாங்க. மறந்தே போச்சாம்."

பதிவாளர் பேரேட்டைத் திருப்பி வைத்தார். பெயர், வயது, முகவரிக்கு அடுத்து ஒரு கட்டம்: 'விருப்பத்தின் மூலம்'. அதில்தான் பிறவி என்று எழுதி எண்ணைப் போடுவார்கள்.

"இதுல என்ன எழுதுறது?" என்றேன்.

"எண்ணு போடக் கூடாது, தடை. காலியா விட்டா மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க," என்றார் அவர் கொட்டாவி விட்டபடி. "எதையாவது எழுதுங்க."

வசுமதி என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். தன் பெயருக்கு நேரே 'கீழாநெல்லி' என்று எழுதினாள். கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்து. அரசாங்க ஊழியனுக்கு வேறு என்ன தோன்றும்? அதற்குக் கீழே நான் 'மேற்படி' என்று போட்டேன். பதிவாளர் படித்துப் பார்த்துவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அடுத்த வரி அவர்களுடையது. நறுமுகை கொஞ்சம் யோசித்து, 'பதினேழாம் நம்பர் பேருந்து' என்று எழுதிப் பேனாவை நீட்டினாள்.

ரீத்தாவின் கைப்பையில் அந்த லேமினேட் தாள் இருந்தது. வாய் திறந்திருந்த பையில் எண்பத்து மூன்று எனக்கே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், நறுமுகையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, குனிந்து, தன் கட்டத்தில் நிதானமாக எழுதினாள்.

'மேற்படி.'